வேலூர் தெருக்களில் வண்டி நிறுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் ஆபீசர்ஸ் லைனை ஒட்டிய ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இணையத்தில் அபராதச் சலான் கட்டித் தருவதும் கடையின் வேலைகளில் ஒன்று என்பதால், வண்டியைக் கண்ட இடத்தில் நிறுத்திவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் நாள்தோறும் வருகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் எல்லோரும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களையே கேட்கிறார்கள். சட்டப் புத்தகத்தைப் படித்தும், தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டும் நான் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளை மட்டும் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

1. “அங்க நோ பார்க்கிங் போர்டே இல்ல சார். அப்புறம் எப்படி ஃபைன் போட்டாங்க?”

மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் இதுதான் வேர். பலகை இருந்தால் தடை, இல்லாவிட்டால் அனுமதி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சட்டம் அப்படி எழுதப்படவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு, பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ தடையோ தேவையற்ற இடையூறோ உண்டாகும்படி வண்டியை விட்டுச் செல்லக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவில் பலகை என்ற சொல்லே கிடையாது.

அதற்கு மேல், 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் எங்கெங்கே நிறுத்தக் கூடாது என்பதைத் தனித்தனியாகவே சொல்கின்றன. நடைபாதை, சைக்கிள் பாதை, பாதசாரிகள் கடக்கும் கோடுகள், பேருந்து நிறுத்தத்தின் அருகு, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றின் வாசல், போக்குவரத்துக் குறியீட்டை மறைக்கும் இடம், ஒரு வீட்டின் அல்லது கட்டடத்தின் நுழைவாயில், ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசை ஆகிய இவற்றில் எதற்கும் பலகை தேவையில்லை. சாலைச் சந்திப்பின் ஓரத்திலிருந்து இரு பக்கமும் 50 மீட்டர் வரை நிறுத்தக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. கிரீன் சர்க்கிளிலிருந்து 50 மீட்டரை நடந்து அளந்து பாருங்கள். நாம் வழக்கமாகப் பூவும் பழமும் வாங்க வண்டியை ஓரங்கட்டும் இடங்கள் பலவும் அதற்குள்தான் அடங்கும்.

2. “நான் வண்டிய வுட்டு எறங்கவே இல்ல. உக்காந்துட்டு இருந்தா அது பார்க்கிங்கா?”

ஆம், பெரும்பாலும் பார்க்கிங்தான். ஆளை உடனே ஏற்றவோ இறக்கவோ அல்லாமல் வேறு காரணத்துக்காக நிறுத்தி வைப்பதை அந்த ஒழுங்குமுறைகள் பார்க்கிங் என்று வரையறுக்கின்றன. 3 நிமிடத்துக்கு மேல் நின்றால் அதுவும் பார்க்கிங்கே. ஓட்டுநர் இருக்கையில் இருப்பதால் கணக்கு மாறுவதில்லை. காந்தி ரோட்டில் மனைவி துணி எடுத்துவிட்டு வரும்வரை ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு காருக்குள் அமர்ந்திருப்பவர், சட்டத்தின் கண்ணில் காரைப் பூட்டிவிட்டுப் போனவரைப் போன்றவர்தான்.

இருக்கையில் ஆள் இருந்தால் ஒரே ஒரு நன்மை உண்டு. காவலர் எடுக்கச் சொன்னதும் எடுத்துவிடலாம். சொல்லியும் எடுக்க மறுத்தால் அது வேறு குற்றம். உத்தரவுக்குக் கீழ்ப்படியாமைக்கு 179-ஆவது பிரிவின்படி 2,000 ரூபாய் வரை போகும்.

3. “போர்டுல ஒரு கோடு இருக்கு, இன்னொண்ணுல பெருக்கல் குறி இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே?”

ஒன்றல்ல. சிவப்பு வளையத்துக்குள் நீலப் பின்னணியில் ஒரே ஒரு சிவப்புச் சாய்வுக் கோடு இருந்தால் நிறுத்தி வைக்கக் கூடாது என்று பொருள். ஆளை இறக்கிவிட்டு உடனே நகரலாம். இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டால் நிற்கவே கூடாது. ஆளை இறக்குவதற்காகக்கூட ஓரங்கட்ட முடியாது. பலகையின் கீழே அம்புக்குறி இருந்தால் தடை எந்தத் திசையில் நீள்கிறது என்பதை அது காட்டும். நேரம் எழுதியிருந்தால் அந்த நேரத்துக்கு மட்டுமே அந்தப் பலகை செல்லும். ஆனால் முதல் பதிலில் சொன்ன இடங்களில் அந்த நேரத்துக்கு வெளியேயும் தடை தொடரும்.

சாலை விளிம்பை ஒட்டி விடாமல் செல்லும் மஞ்சள் கோடும் நிறுத்தத் தடைதான். நம் ஊரில் அது மண்ணும் வாழைத்தோலும் மூடிக் கிடப்பது வேறு விஷயம்.

4. “மொத்தம் எவ்ளோ கட்டணும்?”

எந்தப் பிரிவில் சலான் எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது. பொதுவான 177-ஆவது பிரிவு என்றால் முதல் முறை 500 ரூபாய் வரை, மறுமுறை 1,500 ரூபாய் வரை. சாலை ஒழுங்குமுறையை மீறியதற்கான 177ஏ பிரிவு என்றால் 500 ரூபாய்க்குக் குறையாமல் 1,000 ரூபாய் வரை. போக்குவரத்து ஓட்டத்தைத் தடுத்து நிறுத்தியதற்கான 201-ஆவது பிரிவு என்றால் 500 ரூபாய் வரை. இவை 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிந்தைய தொகைகள். “அப்போ நூறு ரூபாதானே இருந்துச்சு” என்று பழைய கணக்கைச் சொல்பவர்களுக்கும் இன்றைய கணக்குதான்.

வண்டியை இழுத்துச் சென்றிருந்தால் அதற்கான செலவு தனி. அதையும் உரிமையாளரே ஏற்க வேண்டும் என்று 127-ஆவது பிரிவு சொல்கிறது.

5. “டபுள் இண்டிகேட்டர் போட்டுட்டுதான் போனேன், அஞ்சே நிமிஷம்.”

நான்கு விளக்குகளும் சிமிட்டுவது அனுமதிச் சீட்டு ஆகாது. வண்டி பழுதாகி நிற்கிறது, கவனமாக வாருங்கள் என்று பின்னால் வருபவருக்குச் சொல்லும் குறி அது. அஞ்சே நிமிடம் என்பதற்கு இரண்டாவது பதிலைப் பார்க்கவும்.

6. “எங்க வீட்டு கேட்டுக்கு நேரா கண்டவங்கல்லாம் வண்டி போடறாங்க. நான் நோ பார்க்கிங் போர்டு மாட்டிருக்கேன், யாரும் மதிக்கறதில்ல.”

வீட்டுக்காரர் தாமே எழுதி மாட்டும் பலகைக்குச் சட்ட வலு இல்லை. நிறுத்துமிடத்தையும் தடையையும் தீர்மானிப்பது அரசும் அதனால் அதிகாரம் பெற்றவர்களும்தான். ஆனால் உங்கள் நுழைவாயிலை மறைத்து வண்டி நிறுத்துவது ஒழுங்குமுறையின்படியே தவறு என்பதால், பலகை இல்லாமலே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வண்டி எண்ணும் கேட்டும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்துக்கொண்டு போக்குவரத்துக் காவலரிடம் புகார் சொல்லுங்கள். காற்றைப் பிடுங்கிவிடுவதும் கண்ணாடியில் கோந்து தடவுவதும் உங்களைக் குற்றவாளியாக்கும்.

இந்த நியாயம் கேட்டின் அகலத்தோடு முடிகிறது. சத்துவாச்சாரியில் ஓர் அம்மா, கேட்டுக்கு வலப்புறம் மதில் முடியும்வரை வரிசையாக வெள்ளையடித்த கருங்கற்களை வைத்து, நடுவில் துளசி மாடம் போல ஒரு பூந்தொட்டியும் வைத்திருந்தார். மதிலுக்கு வெளியே உள்ள தெரு மாநகராட்சியுடையது. அதில் கல், கயிறு, சங்கிலி, பழைய டயர் எதை வைத்தாலும் ஆக்கிரமிப்புதான், அகற்ற மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு. புகார் கொடுக்க எழுதிக்கொண்டு வந்தவர் அந்தக் கற்கள் தெரியும் படத்தையே இணைப்பாகக் கொண்டு வந்திருந்தார். அந்தப் படத்தை நீக்கிவிடச் சொன்னேன்.

7. “எங்க வீட்டு முன்னாடி எங்க காரை ராத்திரி வுட்டு வெச்சா தப்பா?”

தெரு அகலமாக இருந்து, முதல் பதிலில் சொன்ன எந்த இடத்திலும் படாமல், யாருக்கும் வழி மறைக்காமல் நின்றால் தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் அது உங்கள் உரிமை அல்ல. உங்கள் வீட்டு முன் அடுத்த தெருக்காரர் அதேபோல நிறுத்தினாலும் நீங்கள் கேட்க முடியாது.

கவனிக்க வேண்டியது 127-ஆவது பிரிவில் உள்ள 10 மணி நேரக் கணக்கு. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரற்று நிற்கும் வண்டியை அகற்றவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ, சீருடையில் உள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம். மாலை 7 மணிக்கு நிறுத்தி மறுநாள் காலை 8 மணிக்கு எடுப்பவர் எழுத்தளவில் இதற்குள் வந்துவிடுவார். நடைமுறையில் இந்தப் பிரிவு பயன்படுவது, சக்கரம் இறங்கி, கண்ணாடியில் தூசி படிந்து, அதில் பிள்ளைகள் விரலால் பெயர் எழுதும் அளவுக்கு மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளுக்குத்தான். உங்கள் தெருவில் அப்படி ஒன்று நின்றால் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டே புகார் எழுதலாம்.

8. “எதிர்ப் பக்கம் வண்டி நிக்கிது, நான் இந்தப் பக்கம் ஓரமாதான் போட்டேன். எனக்கு மட்டும் ஏன் சலான்?”

நிற்கும் வண்டிக்கு நேரெதிரே நிறுத்துவதும் தடை செய்யப்பட்டதுதான். இதை எல்லோரும் நம்ப மறுக்கிறார்கள் என்பதால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். பாபு ராவ் தெரு போல ஒரு தெருவில் வண்டி ஓடும் அகலம் 18 அடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு காரின் அகலம் ஐந்தே முக்கால் அடி. ஒரு பக்கம் நின்றால் பன்னிரண்டேகால் அடி மிச்சம். எதுவும் தாராளமாகப் போகலாம். இரு பக்கமும் நின்றால் மிஞ்சுவது ஆறரை அடி, அதுவும் இரண்டு கார்களும் விளிம்பை உரசி நின்றால். வேன் அளவிலான ஆம்புலன்ஸ் ஒன்றின் உடலே ஏறக்குறைய அந்த அகலம் இருக்கும்; பக்கவாட்டுக் கண்ணாடிகளை எங்கே வைப்பது?

சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிர்ப்புறத்துச் சந்துகளில் இது வெறும் கணக்கு அல்ல. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து அந்தத் தெரு விடுதிகளில் தங்கும் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். இரண்டாவதாக வந்து நிறுத்துபவர்தான் வழியை அடைக்கிறார். ஆகவே சலானும் அவருக்கே வருகிறது. முதலில் நின்றவரும் தடை செய்யப்பட்ட இடத்தில் நின்றிருந்தால் அவருக்கும் உண்டு.

9. “வந்து பாத்தா வண்டியே இல்ல. திருடிட்டாங்களா, தூக்கினு போய்ட்டாங்களான்னு எப்படித் தெரிஞ்சிக்கறது?”

இதற்கு என் சொந்த அனுபவமே உண்டு. ஒரு தனியார் மருத்துவகத்தின் காவலாளி கைகாட்டிய இடத்தில் என் ஸ்கூட்டரை நிறுத்தினேன். மருந்துச் சீட்டுடன் வெளியே வந்தபோது ஸ்கூட்டர் நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டும், பக்கத்து வண்டியின் கைப்பிடியில் யாரோ எடுத்து மாட்டிய என் ஹெல்மெட்டும் மட்டும் இருந்தன. காவலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் இளநீர் விற்றவர்தான் “போலீஸ் வண்டி வந்துச்சு நைனா” என்று சொன்னார்.

முதலில் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். பிறகு அந்தப் பகுதியின் போக்குவரத்துக் காவல் நிலையத்துக்குப் போங்கள். அங்கேயும் இல்லையென்றால் சற்றும் தாமதிக்காமல் திருட்டுப் புகார் கொடுங்கள். காப்பீட்டுக்கு அந்த நேரம் முக்கியம். வண்டியை மீட்க ஆர்.சி. புத்தகத்தைத் தேடி வீட்டுக்கு ஓட வேண்டியதில்லை, டிஜிலாக்கர் செயலியிலோ எம்-பரிவாகன் செயலியிலோ உள்ள பதிவே செல்லும். தடை செய்யப்பட்ட இடத்திலிருந்து அகற்ற, ஏழாவது பதிலில் சொன்ன 10 மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் உத்தரவு சீருடையில் உள்ள காவல் அதிகாரியுடையதாக இருக்க வேண்டும். இழுவை வண்டியின் ஆட்கள் தாமாக முடிவெடுக்க முடியாது. கீறல், உடைசல் இருந்தால் வண்டியை நகர்த்துவதற்கு முன்பே படமெடுத்து, அங்கேயே எழுத்தில் கொடுங்கள்.

காவலாளி சொன்னார், கடைக்காரர் சொன்னார் என்பது எங்கும் எடுபடாது. நானும் கட்டினேன்.

10. “டோக்கன் காசு வாங்கினாங்களே, அதுக்கப்புறமும் சலான் வருமா?”

வரலாம். மாநகராட்சி ஏலம் விடுவது, அது ஒதுக்கிய இடத்தில் கட்டணம் வசூலிக்கும் உரிமையை மட்டுமே. குத்தகைதாரரின் ஆள் அந்த எல்லைக்கு வெளியே சாலையில் நிறுத்தச் சொல்லிச் சீட்டுக் கிழித்தால், அந்தச் சீட்டு உங்களைக் காப்பாற்றாது. சீட்டில் இடம், தொகை, குத்தகை விவரம் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தொகை கூடுதலாகத் தெரிந்தால் மாநகராட்சியில் புகார் செய்யலாம். அபராதம் விதிக்கவோ வண்டியைப் பூட்டவோ குத்தகைதாரருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

11. “‘வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்’னு எழுதி வெச்சிருக்காங்க. வண்டி காணாம போனா அவங்க கைகழுவிடலாமா?”

சாவியை யார் வைத்திருந்தார் என்பதே இதில் முதல் கேள்வி. சாவியைக் கொடுத்து வண்டியை ஒப்படைத்துவிட்டால், ஒப்படைப்பு என்ற சட்ட உறவு உண்டாகி, தன் பொருளைப் போலப் பார்த்துக்கொள்ளும் கடமை வாங்கியவருக்கு வந்துவிடுகிறது. டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலின் ஊழியரிடம் 1998-இல் ஒப்படைத்த கார் திருடுபோன வழக்கில், உரிமையாளர் பொறுப்பு என்று சீட்டில் அச்சிட்டிருந்தாலும் தன் கவனக்குறைவுக்கு ஓட்டலே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது.

சாவி உங்கள் பையிலேயே இருந்து, இடத்துக்கு மட்டும் கட்டணம் கொடுத்திருந்தால் வாதாடுவது கடினம். சைக்கிள் ஸ்டாண்டில் சீட்டைக் காட்டினால்தான் வண்டியை வெளியே விடுவோம் என்ற ஏற்பாடு இருந்தால் ஓரளவு வழி உண்டு. அதனால் காட்பாடியில் ரயில் ஏறுபவர்கள் சீட்டை வண்டிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

12. “டாக்டர் ஸ்டிக்கர், அட்வகேட் ஸ்டிக்கர் இருந்தா வுட்டுடுவாங்களா?”

சட்டத்தில் அப்படி ஒரு சலுகை இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இடம் மட்டுமே உண்மையான தனி உரிமை. அதில் மற்றவர்கள் நிறுத்துவது தவறு.

13. “நடுரோட்டுல வண்டி நின்னு போச்சு. அதுக்கும் ஃபைனா?”

எதிர்பாராமல் பழுதாகி, அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்தால் 201-ஆவது பிரிவின் அபராதம் பொருந்தாது என்று 2019 திருத்தமே விலக்களிக்கிறது. அகற்றும் வேலை நடக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். மெக்கானிக்கை அழைத்த கைபேசிப் பதிவு, ஓரமாகத் தள்ளிவைத்தது, எச்சரிக்கை முக்கோணம் வைத்தது ஆகியவை அதற்குச் சாட்சி. பேனட்டைத் தூக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் சாட்சி இல்லை.

14. “லாரிய ராத்திரி பைபாஸ் ஓரத்துல போட்டுத் தூங்கறோம். யாருக்கு இன்னா தொந்தரவு?”

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை ஓட்டுநர்கள் கேட்பது இது. இங்கே அபராதத்தைப் பேசுவதே பொருத்தமில்லை. விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்புறம் இருட்டில் சாலையைப் போலவே கறுப்பாக இருக்கும். பின்னால் வருபவருக்கு அது தெரியும்போது பிரேக் பிடிக்க நேரம் இருக்காது. சாலையில் நிற்கும் வண்டியின் பார்க்கிங் விளக்குகள் எரிய வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. பொதுவழியில் ஆபத்தோ தடையோ உண்டாக்கினால், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் அது 200 ரூபாயாக இருந்தது.

மோதியவர் இறந்துவிட்டால் நின்ற லாரியின் ஓட்டுநர்மீது வழக்கு வரும். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் விபத்துக்கு நின்றவரின் தவறும் எவ்வளவு காரணம் என்பது கணக்கிடப்படும். நின்ற வண்டிமேல் வந்து இடித்தவன்தான் குற்றவாளி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. லாரிகளுக்கென்று உள்ள நிறுத்துமிடத்திலோ, கேட்டுக்கொண்டு பெட்ரோல் பங்க் வளாகத்திலோ தூங்குங்கள்.

15. “எப்பவும் போடற எடம்தான். பல்லக்கு அன்னிக்கு மட்டும் எப்படித் தூக்குவாங்க?”

சித்ரா பௌர்ணமி இரவில் புஷ்பப் பல்லக்குகள் வரும் தெருக்களிலும், வைகாசி முதல் நாளில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும் தெருக்களிலும் காவல்துறை தற்காலிகத் தடை போடும். ஒரு மாதத்துக்கு மேற்படாத போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை, உள்ளூரில் விளம்பரம் செய்தால் போதும் என்று 115-ஆவது பிரிவில் இருக்கிறது. ஒலிபெருக்கி ஆட்டோவில் சொன்னதும், தடுப்புக் கம்பியில் ஒட்டியதும் விளம்பரம்தான். வெளியூர் செல்பவர்கள் அதற்கு முன்தினமே வண்டியை வேறு தெருவுக்கு மாற்றிவிட்டுப் போவது நல்லது.

16. “நான் அந்த எடத்துக்கே போகல, ஆனா மெசேஜ் வந்திருக்கு. கட்டித்தான் ஆகணுமா?”

முதலில் அது உண்மையான சலானா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பையோ செயலியை நிறுவும் ஏ.பி.கே. கோப்பையோ திறக்காதீர்கள்; வங்கிப் பணத்தைத் திருடும் ஏமாற்று வேலை அது. பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே சென்று வண்டி எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். தளத்தின் முகவரி ‘ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.’ என்று முடிய வேண்டும்.

உண்மையென்றால் அதிலுள்ள படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வாணியம்பாடியிலிருந்து வந்த ஒரு தம்பியின் சலானில் வண்டி எண் டி.என். 83 என்று இருந்தது. படத்தில் நின்றதோ வேலூர்ப் பதிவான டி.என். 23 வண்டி. சலான் எழுதியவரின் கை இரண்டு எண்களையும் குழப்பிவிட்டது போலும். இத்தகைய பிழைக்கு அதே தளத்தில் குறைதீர்ப்புப் பகுதி உண்டு. தவறே செய்யவில்லை என்று வாதாட விரும்பினால் பணத்தைக் கட்டாதீர்கள்; கட்டினால் குற்றத்தை ஏற்று வழக்கை முடித்துக்கொண்டதாகிவிடும். உங்கள் பக்கத்தை அந்தக் குறைதீர்ப்புப் பகுதியிலோ நீதிமன்றத்திலோ சொல்லலாம். வெறுமனே மறந்துவிடுவது மட்டும் உதவாது. பெயர் மாற்றத்துக்கோ தகுதிச் சான்றுக்கோ போகும் நாளில் நிலுவை எதிரே வந்து நிற்கும்.

17. “அந்த வண்டிய வித்து ரெண்டு வருஷம் ஆச்சு. சலான் எனக்கே வருதே?”

ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வண்டியையும் சாவியையும் கொடுத்துவிட்டால் விற்பனை முடிந்தது என்று நினைப்பவர்களே இந்தக் கேள்வியுடன் வருகிறார்கள். 50-ஆவது பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். விற்றவருக்குப் படிவம் 29, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 30.

அந்த வண்டி எங்கே நின்றாலும், இழுத்துச் செல்லப்பட்டாலும், யார்மேலாவது மோதினாலும் தேடி வரும் முகவரி உங்களுடையதுதான். வாங்கியவர் கைக்கு எட்டினால் அழைத்துவந்து பெயரை மாற்றுங்கள். எட்டவில்லையென்றால் விற்றதற்கான ஒப்பந்தம், பணம் பெற்ற சான்று, ஒப்படைத்த தேதி ஆகியவற்றுடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படிவம் 29 என் கடையில் எப்போதும் இருக்கும். ஒரு பக்கம் இரண்டு ரூபாய்.